எலும்பு ஒட்டிவிட்டது, கை திரும்பவில்லை

நான் விழுந்தது மாடியிலிருந்தோ வண்டியிலிருந்தோ இல்லை. ஈரத் தரை, வெறுங்கால், இடது கையில் பாதி நிறைந்த வாளி. கால் வழுக்கியதும் வலது கை தானாகப் போய் ஊன்றிக்கொண்டது. எழுந்து உட்கார்ந்து பார்த்தபோது மணிக்கட்டு வேறு யாருடையதோ போல இருந்தது. முன்கை முடிகிற இடத்தில் ஒரு மேடு, அதை ஒட்டி ஒரு பள்ளம். பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி வளைந்திருந்தது. வலி அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது குமட்டலும் குளிர் வியர்வையும்.

எனக்கு அப்போது 54 வயது. பள்ளி ஆசிரியை. கரும்பலகையில் எழுதுகிற கை அது. விழுந்து 14 மாதம் ஆகிறது. இந்த 14 மாதத்தில் எலும்பைப் பற்றியும் மூட்டைப் பற்றியும் நான் தெரிந்துகொண்டதில் பாதியை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் செய்த முதல் தவறு மோதிரத்தைக் கழற்றாமல் விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. ஒரு செவிலியர் மெல்லிய நூலை மோதிரத்துக்கு அடியில் நுழைத்தார். விரல் கணு வரை நெருக்கமாகச் சுற்றி வீக்கத்தை அமுக்கினார். பிறகு உள்முனையைப் பிடித்து நூலைப் பிரித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சுற்றும் பிரியப் பிரிய மோதிரம் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து வெளியே வந்தது. கையிலோ தோளிலோ அடிபட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் வேலையாக மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் காத்திருக்காது. எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் 1895 டிசம்பரில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் அவர் மனைவியின் விரலெலும்பைச் சுற்றி மோதிரம் கறுப்பாகத் தெரியும். என் படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. விரலில் மட்டும் ஊதா நிறத்தில் ஒரு வளையம் நான்கு நாள் கிடந்தது.

உடைந்தது ஆரை எலும்பு. முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடுகிற எலும்பு அது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து, முனை பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இதைக் 'காலிஸ் முறிவு' என்கிறார்கள். ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் 1814-இல் இதை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பு, கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் கண்டுபிடித்திருக்கிறார். தடுமாறும்போது கையை ஊன்றுகிற மனித வழக்கம் மாறாதவரை இந்த முறிவும் மாறாது போலிருக்கிறது.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஒருவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் விரல்களைப் பிடித்து இழுத்து எலும்பை அமர்த்தினார். ஈரமான மாவுக்கட்டைச் சுற்றினார்கள். மாவு இறுகும்போது இதமாகச் சூடேறும். அது அந்தப் பொடி தண்ணீரோடு சேர்ந்து கெட்டியாகும்போது வெளிவிடுகிற வெப்பம். பயப்பட வேண்டாம், சில நிமிடங்களில் ஆறிவிடும். "6 வாரம் கழித்து வாருங்கள்" என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தச் சீட்டில் இல்லாதவை மூன்று. மூன்றும் எனக்குப் பின்னால் வேறு ஆட்கள் சொல்லித் தெரிந்தவை.

ஒன்று, கட்டு இறுகினால் என்ன செய்வது என்பது. இரண்டாம் நாள் இரவு கட்டுக்குள் கை வெடித்துவிடும் போலிருந்தது. மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனது. விரல் நுனிகள் வெளுத்து, ஜில்லென்று, எறும்பு ஊர்வதுபோல ஆகின. இடது கையால் ஒரு விரலை மெல்ல நிமிர்த்திப் பார்த்தேன், உயிர் போயிற்று. எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று விடியும்வரை பொறுத்துக்கொள்ளத்தான் இருந்தேன். என் தங்கை விடவில்லை. இரவோடு இரவாகக் கூட்டிக்கொண்டு போனாள். பணியில் இருந்த மருத்துவர் கட்டை நீளவாக்கில் வெட்டி, உள்ளே இருந்த பஞ்சையும் வெட்டி விரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் விரல்களுக்கு நிறம் திரும்பியது. "காலை வரை காத்திருந்தால் தசைக்கு ரத்தம் போகாமல் கை நிரந்தரமாகப் பாழாகியிருக்கலாம்" என்றார். ஆகவே மாவுக்கட்டோடு வீட்டுக்கு வருகிற யாரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடங்காமல் ஏறிக்கொண்டே போகிற வலி, விரலைப் பிறர் நிமிர்த்தும்போது துடிக்கிற வலி, மரத்துப்போவது, நிறம் மாறுவது, விரல் குளிர்ந்துபோவது. இதில் எது வந்தாலும் அந்த நேரமே போக வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது. முதல் சில நாட்கள் கையை நெஞ்சுக்கு மேலே, தலையணைகளை அடுக்கி வைத்து உயர்த்தியே வைத்திருங்கள். கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டிக் கையைத் தொங்கவிட்டாலும் முழங்கையைவிட விரல்கள் மேலே இருக்க வேண்டும்.

இரண்டாவது, இடையில் எடுக்க வேண்டிய எக்ஸ்ரே. அமர்த்திய எலும்பு முதல் இரண்டு வாரங்களில் சத்தமில்லாமல் நழுவலாம். வீக்கம் வடிந்தால் கட்டு தளர்ந்துவிடும், எலும்பைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. அப்போதே கண்டுபிடித்தால் மறுபடி அமர்த்தலாம், கம்பியோ தகடோ வைக்கலாம். 6 வாரம் கழித்துப் பார்த்தால் கோணலாகவே ஒட்டியிருக்கும். கட்டை வெட்டிவிட்ட அந்த மருத்துவர்தான் வாரா வாரம் வந்து படம் எடுக்கச் சொன்னார். எனக்கு எலும்பு நகரவில்லை. கட்டை மட்டும் மாற்றினார்கள்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். விரல்களை அசைக்க வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை.

உடைந்த கையை ஆட்டாமல் வைத்திருப்பதுதான் மருந்து என்று நினைத்தேன். விரல் நுனி அசைந்தால்கூட எலும்பு பிசகிவிடும் என்று ஒரு பயம். வீட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள். கட்டுக்குள் கையை ஒரு பொக்கிஷம்போல வைத்துக் காத்தேன். தோளைக்கூட அசைக்கவில்லை.

6 வாரம் முடிந்தது. கட்டு வெட்டுகிற ரம்பம் பெரிய சத்தம் போடும், ஆனால் அதன் பல் சுழலாது, நடுங்கும். கெட்டியான மாவை அறுக்கும், நெகிழ்வான தோலில் பட்டால் தோலும் சேர்ந்து அதிரும், அவ்வளவுதான். கட்டைப் பிரித்ததும் வெளியே வந்த கையைப் பார்த்து அழுகை வந்தது. சதை வற்றி, தோல் செதில் செதிலாக உரிந்து, முடி மட்டும் அடர்ந்து வளர்ந்திருந்தது. மருத்துவர் புதிய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு அருமையாகக் கூடிவிட்டது, இனி எல்லா வேலையும் செய்யலாம்" என்றார். நான் முஷ்டி பிடித்துக் காட்டப் பார்த்தேன். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி. மணிக்கட்டு ஒரு மரக்கட்டை. உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பச் சொன்னால் முழங்கையையும் தோளையும் கோணித்தான் திருப்ப முடிந்தது. அவர் படத்தைப் பார்த்துச் சொன்னது முழு உண்மை. எலும்பு கூடித்தான் இருந்தது. கை மட்டும் கூடவில்லை.

நான் கேட்டதால்தான் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த இளம் பெண் என் கையை உடனே தொடவில்லை. பிரித்த மாவுக்கட்டின் படம் இருக்கிறதா என்று கேட்டார். தங்கை போனில் எடுத்து வைத்திருந்தாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, என் உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே குறுக்காக ஓடுகிற கோட்டில் தன் விரலை வைத்தார். "கட்டு இந்தக் கோட்டுக்கு முன்னாலேயே நின்றிருக்க வேண்டும். உங்களுக்கு இதைத் தாண்டி விரல் கணுவரை வந்திருக்கிறது. நீங்கள் மடக்க நினைத்திருந்தாலும் மடங்கியிருக்காது" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். விரல் தொடங்குகிற பெரிய கணுவின் இருபுறமும் எலும்பை எலும்போடு கட்டுகிற இரண்டு தசைநார்கள் உண்டு. விரல் நேராக இருக்கும்போது அவை தளர்ந்திருக்கும், மடக்கும்போது விறைத்து நீளும். நேராகவே 6 வாரம் வைத்திருந்தால் அந்தத் தளர்ந்த அளவுக்கே அவை சுருங்கிவிடும். அப்புறம் மடக்கப் பார்த்தால் நீளம் போதாது. கூடவே, வீக்கத்தில் தேங்குகிற நீரில் புரதம் இருக்கிறது. அசைவில்லாமல் அது அப்படியே கிடந்தால் பசைபோல ஆகி, தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண்களை, அவற்றைச் சுற்றியிருக்கிற திசுக்களோடு ஒட்டவைத்துவிடும். விரலை மடக்கி நீட்டும்போது தசைகள் அந்த நீரைப் பிழிந்து மேலே தள்ளுகின்றன. அதனால் விரல் அசைவுதான் வீக்கத்துக்கும் மருந்து. முறிந்த இடம் மணிக்கட்டில். விரல் மூட்டுகளுக்கும் முழங்கைக்கும் தோளுக்கும் அடியே படவில்லை. அவற்றை முதல் நாளிலிருந்தே அசைத்திருக்கலாம், அசைத்திருக்க வேண்டும்.

மூட்டு என்றால் என்ன என்பதே எனக்கு அன்றுதான் புரிந்தது. கதவுக் கீல் மாதிரி ஒன்று, ஓட ஓடத் தேயும், ஓடாவிட்டால் தேயாது என்றே 54 வருடம் நினைத்திருந்தேன். எலும்பு முனைகளை மூடியிருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாதாம். மூட்டுக்குள் இருக்கிற சிறிதளவு வழுவழுப்பான திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. பாரம் விழும்போது ஸ்பாஞ்ச் போல அமுங்கிக் கழிவை வெளியேற்றுகிறது, பாரம் விலகும்போது திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதாவது அசைந்தால்தான் மூட்டு சாப்பிடும். ஆறு வாரமாக என் கைமூட்டுகளை நான் பட்டினி போட்டிருக்கிறேன்.

எலும்பின் கதை வேறு. அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அங்கே குருத்தெலும்பு போன்ற மென்மையான பாலம் ஒன்று உருவாகிறது. அடுத்த வாரங்களில் அதில் கால்சியம் படிந்து கெட்டியாகிறது. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில், எலும்பைத் தின்கிற செல்களும் எலும்பைக் கட்டுகிற செல்களும் சேர்ந்து அந்த ஒட்டைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரப் பார்க்கின்றன. எந்தத் திசையில் பாரம் விழுகிறதோ அந்தத் திசையில் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892-இலேயே எழுதியிருக்கிறார். நாம் செய்ய வேண்டியது அதற்குக் குறுக்கே நிற்காமல் இருப்பது. புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டத் தாமதமாகும். அது மருத்துவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிற விஷயம்.

பயிற்சி தொடங்கியது. முதல் நாள் கோணமானியை மணிக்கட்டில் வைத்து அளந்தார்கள். மேலே 20 டிகிரி, கீழே 15. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்புவது 25. ஆரோக்கியமான மணிக்கட்டு மேலும் கீழும் 70 டிகிரிக்கு மேல் போகும். நான் பயந்துபோனதைப் பார்த்து அவர், "அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பக்கமும் 40 இருந்தாலே போதும். முதலில் அங்கே போவோம்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் கையால் நீங்கள் செய்தே ஆக வேண்டியது என்ன?" நான் மூன்று சொன்னேன். சாக்பீஸ் பிடித்து எழுத வேண்டும், பூட்டில் சாவியைத் திருப்ப வேண்டும், ஈரத் துணியைப் பிழிய வேண்டும். சிகிச்சை முழுவதும் அந்த மூன்றை நோக்கித்தான் போனது. உங்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். 'சரியாக வேண்டும்' என்று பொதுவாகச் சொல்வதைவிட அது சிகிச்சை தருபவருக்கு நல்ல பிடி கொடுக்கும்.

பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைப்பேன். பிறகு விரல்களுக்கு ஒரு வரிசை: எல்லாம் நேராக, நுனிகள் மட்டும் கொக்கியாக, பெரிய கணுவில் மட்டும் மடக்கி மேசை மாதிரி, முழு முஷ்டி, விரல்களை அகல விரித்தல், கட்டைவிரலால் மற்ற நான்கின் நுனியையும் தொடுதல். ஒவ்வொன்றும் பத்து முறை. காலையில் ஒரு மணி நேரம் ஒரேயடியாகச் செய்வதைவிட ஒரு நாளைக்கு ஆறு முறை ஐந்தைந்து நிமிடம் செய்வது எவ்வளவோ மேல். ஏனென்றால் இடைவெளியில் கை மறுபடி இறுகிவிடும். இதை நான் முதலில் நம்பவில்லை. ஒரு வாரம் காலையில் மட்டும் வைத்துக் கசக்கினேன், வீக்கம் ஏறியதுதான் மிச்சம்.

வலியை எப்படிப் படிப்பது என்பதைத்தான் நான் மிக முக்கியமாகக் கற்றேன். இழுவை வலி வரும், வரட்டும். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் அது அடங்க வேண்டும். மறுநாள் காலை வீக்கம் முந்தின நாளைவிடக் கூடியிருந்தால் நேற்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பயிற்சியைப் பாதியாக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. பக்கத்தில் யாராவது பலமாக நீவி, இழுத்து, உடைத்துவிடுகிறேன் என்று வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பாக முழங்கையில் அடிபட்ட பிறகு அப்படி முரட்டுத்தனமாக நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. முறிவின் அளவுக்குப் பொருந்தாத எரிச்சல் வலி, தோல் பளபளத்துச் சிவப்பதும் நீலம் பாய்வதும், துணி பட்டால்கூடச் சுரீர் என்பது, அந்தக் கை மட்டும் வியர்ப்பது. மணிக்கட்டு முறிவுக்குப் பின் சிலருக்கு நரம்புகள் இப்படிக் குழம்பிவிடும். சீக்கிரம் பிடித்தால் சிகிச்சை எளிது. எனக்கு அது இல்லை என்று ஒவ்வொரு வாரமும் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள்.

பயிற்சியின் ஏழாவது வாரத்தில் முன்னேற்றம் நின்றுவிட்டது. உள்ளங்கை திரும்புவது 38 டிகிரியிலேயே பத்து நாள். நோட்டில் அதே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதும்போது மனது விட்டுப்போனது. அப்போதுதான் சுத்தியல் வந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, சுத்தியலின் காம்பு நுனியைப் பிடித்துக்கொண்டு, தலையை மெதுவாக வெளிப்பக்கம் சாய விடுவது. அந்தப் பாரமே முன்கையைத் திருப்பிக்கொடுக்கும். நாம் தள்ள வேண்டியதில்லை, விட்டுக்கொடுத்தால் போதும். அங்கேயே 30 விநாடி. கை கனத்தால் காம்பை மேலே தள்ளிப் பிடித்துப் பாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் கிடந்த பழைய சுத்தியலே போதுமானதாக இருந்தது. பதினொன்றாவது வாரத்தில் ஒரு மாலை, யோசிக்காமல் வலது கையால் பூட்டைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் எந்தக் கை என்று கவனித்தேன்.

பயிற்சி அறையில் காத்திருக்கிற நேரத்தில் நிறைய பேரைப் பார்த்தேன். முழங்கால் தேய்மானம் வந்த ஒரு பெரியவர். நடந்தால் இன்னும் தேயும் என்று இரண்டு வருடம் நாற்காலியை விட்டு எழாமல் இருந்திருக்கிறார். தொடைத் தசை மெலிந்து, முழங்கால் தள்ளாடி, வலி இரட்டிப்பாகிவிட்டது. முழங்காலுக்கு அதிர்ச்சி தாங்கியே தொடைத் தசைதான். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி உயர்த்துவதில் தொடங்கி, மூன்று மாதத்தில் அவரைப் படியேற வைத்தார்கள். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் நடக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழுகிற பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறையும் என்று அவரிடம் சொன்னதை நான் அருகிலிருந்து கேட்டேன். அந்தக் கணக்கு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இன்னொரு பெண்மணிக்கு என் வயதுகூட இருக்காது. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கும், கணுக்கள் வீங்கிச் சூடாக இருக்கும். வேலை அதிகம் என்று நினைத்து ஒன்றரை வருடம் வலி மாத்திரையிலேயே ஓட்டியிருக்கிறார். அது முடக்குவாதம். உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிற நோய். தேய்மானத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும், ஓய்வெடுத்தால் வலி குறையும். முடக்குவாதத்தில் ஓய்வெடுத்தால் விறைப்பு கூடும், அசைந்தால் தேறும். ஆரம்பத்திலேயே அதற்குரிய மருந்தைத் தொடங்கினால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம். அவருக்கு இரண்டு விரல்கள் ஏற்கெனவே கோணிவிட்டன. இரண்டு பக்கமும் சிறு மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் வலி மாத்திரையோடு நிறுத்தாமல் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதும் அந்த அறையில் பலர் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

சரி, என் கைக்கு வருகிறேன். நான்காவது மாதம் ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் கேட்டார்: "நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்திருக்கிறதே, அடர்த்தி பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. வழுக்கி விழுந்ததால் முறிந்தது என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. 50 வயதுக்கு மேல், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததிலேயே எலும்பு முறிந்தால், தரையை மட்டும் குறை சொல்லக் கூடாதாம். எலும்பையும் விசாரிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு எலும்பைத் தின்கிற செல்களின் கை ஓங்கிவிடுகிறது. மணிக்கட்டு முறிவு பல பெண்களுக்கு முதல் எச்சரிக்கையாக வருகிறது. அதை விட்டுவிட்டால் பின்னால் முதுகெலும்போ இடுப்போ முறியலாம்.

எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வலியில்லை, ஊசியில்லை. டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். -1 வரை இயல்பு. -1-க்கும் -2.5-க்கும் நடுவே என்றால் அடர்த்தி குறைவு. -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. எனக்கு முதுகெலும்பில் -2.7. ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். டி மிகவும் குறைவு. அதைச் சரிசெய்துவிட்டு, எலும்பு கரைவதைத் தடுக்கிற வார மாத்திரையைத் தொடங்கினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற அம்மாதான், ஆனால் அன்றுதான் பார்த்தேன். 78 வயது. முதுகு வளைந்திருக்கிறது. முன்பெல்லாம் எட்டி எடுக்கிற மேல் அலமாரி இப்போது எட்டவில்லை. வயதானால் கூன் விழும் என்று நாங்களும் விட்டுவிட்டோம், அவளும் விட்டுவிட்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஏதோ கனமாகத் தூக்கியபோது நடுமுதுகில் பிடித்துக்கொண்டதாகச் சொல்லி இரண்டு மாதம் படுத்திருந்தாள். அதுவும் சுளுக்கு என்றுதான் கழிந்தது. எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டு முதுகெலும்புகள் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவத்தில் இருந்தன. பழைய முறிவுகள். விழாமலேயே முறிந்திருக்கின்றன. அந்தப் படத்தை வெளிச்சத்தில் பார்த்தபோது, "பிடித்துக்கொண்டது" என்று அவள் சொன்ன அந்த இரண்டு மாதமும் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் இளமையில் எவ்வளவு உயரம் என்று கேட்டு இப்போது அளந்து பாருங்கள். 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் சில மாற்றங்கள் செய்தோம். குளியலறையில் பிடிமானக் கம்பி, இரவில் எரிகிற சின்ன விளக்கு, மடங்குகிற கால்மிதிகளை எடுத்துவிட்டது. இதெல்லாம் ஒரே நாள் வேலை. அம்மாவுக்கும் பயிற்சி உண்டு: நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. குனிந்து முதுகை வளைத்துத் தூக்குவது மட்டும் அவளுக்கு அறவே கூடாது.

வார மாத்திரை எங்கள் இருவருக்கும் ஒரே நாளில்தான், ஞாயிறு. எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு போட வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தொடங்குவதற்கு முன் பல்லைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் இந்த மாத்திரை எடுப்பதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அந்த அரை மணி நேரம் அம்மா ஜன்னலோரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இடது கால், பிறகு வலது கால். நான் எதிரே உட்கார்ந்து சுத்தியலைச் சாய விடுகிறேன். பலகையில் எழுதுகிறேன், துணி பிழிகிறேன். உள்ளங்கை மட்டும் இன்னும் முழுசாக வானம் பார்க்கவில்லை. போன ஞாயிறு அம்மா அருகில் வந்து என் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இன்னும் ஒரு விரற்கடை இருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போய் மறுபடி காலைத் தூக்கினாள்.